கரடிக்கு இருநூறு

அமெரிக்காவிலிருந்து வந்த மெயிலின் கடைசியில், கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் மூன்று இருந்தன. எழுதியிருந்த விஷயத்தைவிட அந்த முகங்கள்தான் ஜுவைரியாவுக்கு ஆத்திரத்தைக் கிளப்பின. தப்பென்றால் தப்பென்று சொல்ல வேண்டும். திட்டட்டும். ஆர்டரை நிறுத்துவேன் என்று மிரட்டினால்கூட நியாயம். சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

"அக்கா, அது துணியோட கனம் இல்லீங்களாம்," என்றாள் தேஜஸ்ரீ, கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பி. "துப்பாக்கிக் குண்டோட கனமாம்."

தேஜஸ்ரீ, அந்தத் திருப்பூர் பனியன் கம்பெனியின் முதலாளி தங்கதுரையின் அண்ணன் மகள். கோயமுத்தூரில் படித்துவிட்டு வந்து, பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு எழுதுவதும் பேசுவதுமான வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜுவைரியா அங்கே பிரிண்டிங் செக்கிங்குக்குத் தலைவி. பனியனில் அச்சாகிற எந்தப் படமும் எந்த எழுத்தும் அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அச்சு டேபிளுக்குப் போகும். முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குள் அந்தக் கம்பெனியைத் தெரிந்தவர்களுக்கு அவளையும் தெரியும். அவள் கோபத்தை இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆர்டர் கொடுத்தவர் அமெரிக்காவில் ஏதோ ஒரு மலையூரில் வேட்டைச் சாமான் கடை வைத்திருப்பவர். பனியனின் முதுகில் ஒரு படம் கேட்டிருந்தார். மேலே குட்டையாகவும் தடியாகவும் ஒரு தோட்டா, பக்கத்தில் 'ஷார்ட் மேக்னம்' என்று ஆங்கிலத்தில் எழுத்து. அதற்குக் கீழே நான்கு வரி. வரிக்கு ஒரு மிருகம், ஒரு எண். வெட்டவெளியில் ஓடுகிற சின்ன மானுக்கு 150 gr. பெரிய மானுக்கு 165 gr. எருமை உயரம் இருக்கிற எல்க் என்ற மானுக்கு 180 gr. கரடிக்கு 200 gr.

திருப்பூரில் பிறந்து வளர்ந்த எவரும் அந்த நான்கு எண்களைப் படித்தால் துணியைத்தான் நினைப்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கிறது என்பதை ஜி.எஸ்.எம். என்பார்கள். நூற்றைம்பது என்றால் மெல்லிய பனியன். நூற்றெண்பது நல்ல பனியன். இருநூறு தடிப்பு. ஐரோப்பிய பையர்கள் சிலர் அதையே சோம்பலாக gr என்று எழுதியனுப்புவதை ஜுவைரியா எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். வெயில் காய்கிற வெட்டவெளியில் மான் பின்னால் ஓடுகிறவன் மெல்லிய பனியன் போடுவான், பனி மலையில் கரடி பின்னால் அலைகிறவன் தடித்த பனியன் போடுவான் என்று அவளாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டாள். அர்த்தம் அச்சுப் பிசகாமல் பொருந்தியது. gr என்பதை அடித்துவிட்டு நான்கு வரியிலும் GSM என்று முறையாகத் திருத்தி, மாதிரித் துணியில் அச்சடித்து, ஓரத்தில் கையெழுத்தும் போட்டு போட்டோ அனுப்பச் சொன்னாள்.

அந்தப் போட்டோவைக் கடைக்காரர் தன் கடைச் சுவரில் ஒட்டிவிட்டாராம். அதோடு விட்டாரா, இணையத்திலும் போட்டார். அங்கிருந்து அது எப்படியோ ஆர்டர் பிடிக்கும் திருப்பூர் மெர்ச்சண்டைசர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் கேன்டீனில் கட்டிங் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"ஏனுங்க்கா, கரடிக்கு ரிப் துணி போடலாமுங்களா, இன்டர்லாக் போடலாமுங்களா?"

"அதுக்கு டபுள் எக்ஸெல் பத்துமாங்க்கா?"

"உனக்கு எடுத்த அளவே அதுக்கும் பத்தும். போய்ப் போட்டுப் பாரு," என்றாள் ஜுவைரியா. சிரிப்பு நிற்கவில்லை. தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அவள் பதினைந்து வயதில் பிசிறு நூல் வெட்டும் வேலைக்கு வந்தவள். வந்த புதிதில் ஒரு குழந்தை உடுப்பு ஓடியது. நெஞ்சில் பட்டாம்பூச்சி, அதன் கீழே ஆங்கிலத்தில் அதன் பெயர். அவளுக்கு அப்போது ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் சுவரில் தொங்கிய மாதிரியில் ஒன்பது உருவம் இருந்தது, கையில் இருந்த உடுப்பில் எட்டுத்தான் இருந்தது. சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னாள். "உனக்கு நூல் வெட்டத்தான் சம்பளம், வாய் வெட்ட இல்லை," என்றார் அவர். சரக்கு முழுவதும் கழிவாகிக் காதர்பேட்டை மலிவுக் கடைகளுக்குப் போனது. அதன்பிறகு வெகுகாலம், பெரியதோட்டத்தில் அவள் வீட்டுத் தெருவிலேயே, ஒரு எழுத்துக் குறைந்த பட்டாம்பூச்சியை நெஞ்சில் போட்டுக்கொண்டு குழந்தைகள் விளையாடின. ஒவ்வொரு குழந்தையைப் பார்க்கும்போதும் அவளுக்கு உடம்பு கொதித்தது.

அதற்காகவே ஆங்கிலம் கற்றுக்கொண்டாள். பனியன்களில் அச்சான சொற்கள்தான் அவளுக்குப் பாடப்புத்தகம். மை இறங்குகிற வலைச்சட்டமான ஸ்க்ரீனைக் கழுவினாள், ஃபிலிம் ஒட்டினாள், ஆறு கலர் படத்தை வெறுங்கண்ணால் பொருத்தினாள். தங்கதுரை அவளைத் தலைவியாக்கியபோது சம்பளத்தைப் பற்றி அவள் பேசவில்லை, ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். அவள் நிறுத்து என்றால் டேபிள் நிற்க வேண்டும். காரணத்தை நின்ற பிறகு கேட்டுக்கொள்ளலாம். அச்சடிக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் ஒடிசாக்காரர்கள் என்பதால் நிறுத்து என்ற சொல் அங்கே இந்தியில் 'ரோக்கோ' ஆயிற்று. அவள் ரோக்கோ என்றால் ஓடுகிற கை அந்தரத்தில் நிற்கும். வேறு எதையும் அவள் தன்னுடையது என்று நினைத்ததில்லை. அந்த ஒரு சொல்லைத்தான் நினைத்திருந்தாள்.

அதைத்தான் தங்கதுரை இப்போது எடுத்தார். அவர் கோபப்பட்டால் மரியாதை கூடிவிடும். அன்றைக்கு ரொம்பக் கூடியிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி. இந்த ஆர்டருக்கு மட்டும் நீங்க எதையும் நிறுத்த வேண்டாமுங்க. வந்த ஆர்ட்டை வந்தபடியே ஓட்டிரலாமுங்க. நீங்க கையெழுத்து மட்டும் போட்டுருங்க."

"நிறுத்த முடியாத எடத்துல கையெழுத்து எதுக்குங்கண்ணா?"

"பையருக்கு உங்க கையெழுத்துத்தானுங்களே பழக்கம்."

"அதைப் பாத்துத்தான் சிரிச்சாருங்களே."

"அதுக்குத்தானுங்க சொல்லறது," என்றார் தங்கதுரை. எழுந்து வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டார். அந்த மரியாதையைத் தாங்குவதைவிட ஓர் அறை வாங்கியிருக்கலாம்.

வீட்டுக்குப் போய் அரிசி களைந்த பாத்திரத்தை அடுப்பில் வைத்த சத்தத்தில், கூடத்தில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த மாமியார் காத்தூன் பீவி நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்திரத்துக்கு எத்தனை கிராமுன்னு பாக்கறியா?"

"உங்களுக்கும் வந்துருச்சா மாமி அந்தப் படம்?"

"நஸ்ருதீன் காட்டினான்."

"உங்க மவன் சிரிச்சாரா?"

"சிரிக்காம? நானும்தான் சிரிச்சேன். பின்ன, கரடிக்குப் பனியன் போட்டா சிரிக்க மாட்டாங்களா?"

இரவுச் சாப்பாட்டில் நஸ்ருதீனுக்குக் குழம்பில் கறி கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியமும் அவருக்கு இல்லை.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஜுவைரியா தேஜஸ்ரீயின் மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். "எதைத் தப்பாப் படிச்சேன்னு எனக்குத் தெரிஞ்சாகோணும் கண்ணு. gr-ன்னா என்ன?"

தேஜஸ்ரீ தேடிப் படித்துச் சொன்னாள். அது கிரெயின். ஒரு தானிய மணியின் எடை. நகைப் பட்டறையில் குன்றிமணி வைத்து நிறுத்ததுபோல, அந்த ஊரில் வாற்கோதுமை மணியை வைத்து நிறுத்திருக்கிறார்கள். ஏழாயிரம் மணி சேர்ந்தால் ஒரு பவுண்டு. நூற்றைம்பது கிரெயின் என்றால் பத்துக் கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இருநூறு என்றால் பதின்மூன்று கிராம்.

ஜுவைரியா லேபுக்குப் போய், துணியை வட்டமாக வெட்டி நிறுக்கிற சின்னத் தராசை எடுத்து வந்தாள். குழந்தை உடுப்புக்கு வைக்கிற உலோக பிரஸ் பட்டன்களை அதில் அள்ளிப்போட்டு, நூற்றைம்பதுக்கு ஒரு குவியலும் இருநூறுக்கு ஒரு குவியலும் எடை கட்டினாள். இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு கை மாற்றிப் பார்த்தாள். வித்தியாசம் இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

"இந்த மூணு கிராமுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

"அதுலதான் எல்லாம் இருக்குதுங்க்கா," என்றாள் தேஜஸ்ரீ. அவளுக்கும் படிக்கப் படிக்க ஆர்வம் வந்துவிட்டிருந்தது. "லேசான குண்டு வேகமாப் போகும், தூரத்துக்கும் அதிகம் எறங்காமப் போகும். வெட்டவெளியில நிக்கற சின்ன மானுக்கு அது போதும். அதையே கொண்டி கரடியக் கிட்டத்துல சுட்டா, தோள் எலும்புல பட்டுச் செதறிப்போயிரும். ஒடம்புக்குள்ள எறங்காது. கரடி காயத்தோட காட்டுக்குள்ள போயிரும். கனமான குண்டுன்னா எலும்ப ஒடைச்சுட்டு உள்ள போகும்."

"அப்ப எல்லாத்துக்கும் கனமே போட்டுட்டாப் போச்சு."

"சின்ன மானுக்குக் கனமானதப் போட்டா, விரியாம அந்தப் பக்கம் துளைச்சுட்டுப் போயிருமாமுங்க. அதுவும் ஓடிப்போய் எங்கயாச்சும் கெடந்து சாகும். அப்பறம் இந்தத் தோட்டாவே குட்டைங்க. கூடு குட்டை, ஆனா தடி. மருந்து நெறயப் புடிக்கும், துப்பாக்கி சிறுசா இருந்தாப் போதும், மலையேறறதுக்கு வசதி. ஆனா குண்டு கனமாக ஆக நீளமாகுது. குட்டைக் கூட்டுல அது உள்ள எறங்கி மருந்தோட எடத்தப் புடிச்சுக்கும். அதனாலதான் எரநூறோட நிறுத்திட்டாரு போல."

"எஸ் சைஸ் பனியனுக்குள்ள சுப்பையனத் திணிச்ச மாதிரி," என்றாள் ஜுவைரியா. சுப்பையன் வாசலில் இருக்கிற வாட்ச்மேன். பெரிய உடம்புக்காரர். அந்த மெயில் வந்த பிறகு அன்றுதான் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஆனால் காட்டுக்குள் காயத்தோடு போன கரடி அவள் மனதைவிட்டுப் போகவில்லை. பக்ரீத்துக்கு ஆடு அறுக்க ஆள் வந்தால் காத்தூன் பீவி முதலில் கத்தியைத்தான் வாங்குவாள். கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பாள். திருப்தி இல்லையென்றால், தெருவில் இன்னும் பத்து வீடு காத்திருக்கிறது என்று அந்த ஆள் எவ்வளவு கெஞ்சினாலும், தீட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவாள். மழுங்கின கத்தியோடு ஆட்டின் பக்கத்தில் நிற்கக்கூட விடமாட்டாள். இந்த நான்கு வரியும் கத்தியைச் சோதிக்கிற அந்த நகம்தான் என்று ஜுவைரியாவுக்குப் பட்டது. வேட்டைக்குப் போகாதே என்று கடல் தாண்டி யாருக்கும் சொல்ல அவளால் முடியாது. போகிறவனுடைய கத்தியாவது தீட்டியிருக்கட்டும்.

GSM-ஐ எடுத்துவிட்டு gr போட்ட புது ஃபிலிம் தயாரானது. அதை வெளிச்ச மேசையில் வைத்து அவளும் தேஜஸ்ரீயும் பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கதுரை வந்தார். எட்டிப் பார்த்தவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இன்னொரு முறை குனிந்து பார்த்தார்.

"தேஜு, இதென்ன சாமி, தலைகீழா இருக்குது?"

"எது சித்தப்பா?"

"கரடிக்குப் போயி எரநூறா?"

தங்கதுரையின் அப்பாவுக்கு மூலனூரில் முருங்கைத் தோட்டம் இருந்தது. பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் துப்பாக்கியும் இருந்தது. இப்போது அது தேர்தலுக்குத் தேர்தல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்வருவதைத் தவிர வேறெங்கும் போவதில்லை. ஆனாலும் துப்பாக்கி பார்த்து வளர்ந்தவர் என்ற பெருமை தங்கதுரைக்கு உண்டு.

"எங்கப்பாவுக்கு நான்தானுங்க தோட்டா வாங்கியாருவேன். ஆறாம் நம்பர்னா உள்ள கடுகாட்டம் இருக்கும். நாலாம் நம்பர் அதைவிடப் பெருசு. ஒண்ணாம் நம்பர் இன்னும் பெருசு. நம்பர் ஏற ஏறக் குண்டு சிறுசாகுமுங்க. நூல்லயும் அப்படித்தானுங்களே? இருபதாம் நம்பர் தடியா, நாப்பதாம் நம்பர் தடியா?"

"இருபதுதானுங்க தடி," என்றாள் ஜுவைரியா. "ஆனா அது நம்பருங்கண்ணா. இது கனம்."

"கனம்னு நீங்க சொல்லறீங்க. போன வாரம் துணின்னும் நீங்கதானுங்க சொன்னீங்க."

பக்கத்து டேபிளில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஜுவைரியாவுக்குக் காது மடல் சுட்டது.

"பன்னண்டு போர் துப்பாக்கின்னா என்னங்க? பன்னண்டு குண்டு சேந்தா ஒரு பவுண்டு," என்று தங்கதுரை விரலை மடக்கினார். "நாப்பதாம் நம்பர் நூல்னா என்னங்க? நாப்பது சிட்டம் நூல் சேந்தா ஒரு பவுண்டு. ரெண்டும் இங்கிலீஷ்காரன் கணக்கு. இதுவும் அவன் கணக்குத்தான். எரநூறு குண்டு சேந்தா ஒரு பவுண்டு. அப்ப எரநூறுதானே சிறுசு? அதைக் கொண்டி கரடிக்குப் போட்டிருக்கறான். அவனுக்கு ஆர்ட் போட்டுக் குடுத்த பையன் மாத்திப் போட்டிருப்பானுங்க."

"ஒரு பவுண்டை எரநூறாப் பங்கு வெச்சா, ஒண்ணு ரெண்டே கால் கிராமுங்கண்ணா. நம்ம பிரஸ் பட்டன் ரெண்டு மூணு சேந்த எடை. அதைக் கொண்டி கரடியச் சுடறதுங்களா? கரடி சொறிஞ்சு விட்டுட்டுப் போயிரும்."

"எண்களை மட்டும் மேல கீழ மாத்துங்க," என்றார் தங்கதுரை. அவள் சொன்னதே காதில் விழாதவர்போல.

"பையரக் கேட்டுட்டு மாத்தலாம் சித்தப்பா," என்றாள் தேஜஸ்ரீ. "அங்க லீவு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் மெயில் பாப்பாங்க."

"கண்டெய்னர் உனக்காக ரெண்டு நாள் நிக்குமா கண்ணு? இன்னொரு வாட்டி அவரக் கேள்வி கேட்டுச் சிரிப்பு வாங்கோணுமா? அவங்க தப்பை நாமளே திருத்தி அனுப்பினம்னு வெய்யி, சிரிச்ச வாயை அவரே மூடிக்குவார்."

அப்போதுதான் ஜுவைரியாவுக்கு விளங்கியது. அவர் குண்டைப் பற்றிப் பேசவே இல்லை. அவரும் அந்த மூன்று மஞ்சள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்ததை அவர் தன் தோட்டத்தின்மேல், தன் அப்பாவின்மேல், தன் கம்பெனிப் பலகையின்மேல் சிரித்ததாக எடுத்துக்கொண்டிருந்தார். அது புரிந்ததும் அவளுக்குக் கோபம் தணியவில்லை, இன்னும் ஏறியது. அவமானம் பட்டது அவள். அவள் உட்கார்ந்து பட்டனை எடைபோட்டாள். இவருக்கு அதற்குக்கூடப் பொறுமை இல்லை.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்கண்ணா."

"நாளைக்குப் பாத்துக்கலாமுங்க அம்மிணி," என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவள் வந்தபோது எண்கள் மாறிய ஸ்க்ரீன் டேபிளில் ஏறியிருந்தது. பலகைகளில் பனியன்கள் ஒட்டிக் கிடந்தன. முதல் டேபிள் மேஸ்திரி பிரபுல்லா மையைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் பாலாசோர் பக்கத்துக்காரர். ஜுவைரியாவைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் அவளை அக்கா என்ற பொருளில் தீதி என்றுதான் கூப்பிடுவார். ஜுவைரியா ஸ்க்ரீனைக் குனிந்து பார்த்தாள். கரடிக்கு எதிரே 150. சின்ன மானுக்கு எதிரே 200.

"ரோக்கோ."

பிரபுல்லாவின் கை நின்றது. பிறகு மெதுவாக மறுபடியும் கிளறத் தொடங்கியது. அவர் நிமிரவில்லை.

"தங்கதுரை மாலிக் சொல்லிச்சு தீதி. இந்த ஆர்டர்ல தீதி ரோக்கோ சொன்னா கேக்க வேணாம்."

"எல்லார்கிட்டயும் சொன்னாரா?"

"எல்லார்கிட்டயும்."

அந்த நீண்ட கூடத்தில் அத்தனை பேரும் கையில் இருந்த வேலையைப் பார்ப்பதுபோல் நின்றார்கள். ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பொறுத்திருப்பாளோ என்னவோ. அவள் ஸ்க்ரீனின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கினாள். அது ஒரு ஆள் நெஞ்சகலம் இருக்கும். அதை அணைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நடந்து, பின்கட்டில் இருக்கிற கழுவும் தொட்டிக்குப் போனாள். பூச்சை அழிக்கிற மருந்தை இரண்டு பக்கமும் ஊற்றித் தேய்த்தாள். பிறகு பிரஷர் குழாயைத் திறந்தாள். மானும் கரடியும் எண்களும் நீல நீராக வழிந்து சாக்கடைக்குப் போயின.

பின்னால் செருப்புச் சத்தம் ஓடிவந்தது.

"ஏய், என்ன பண்ணறே நீ? பைத்தியமா புடிச்சிருக்குது?"

இத்தனை வருஷத்தில் தங்கதுரை அவளிடம் 'ங்க' இல்லாமல் பேசியது அதுதான் முதல்முறை. ஜுவைரியாவுக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

"அழிக்கறேனுங்க."

"ரெண்டு டேபிள் ஆள் சும்மா நிக்குது. ஒரு பனியனுக்காக இப்படி..."

"நான் பண்ணின தப்பு துணியோட போச்சுங்கண்ணா. ஊரு சிரிச்சுது, முடிஞ்சுது. உங்க தப்பு காட்டுக்குள்ள போகும். ஒரு உசிரு ஒடம்புல பாதிக் குண்டோட போய்ப் பொதருக்குள்ள கெடக்கும்."

"பனியனோட முதுகப் பாத்து எவனாவது தோட்டா வாங்குவானா?"

"எவனும் படிக்க மாட்டான்னா எதுக்குங்க எழுதறீங்க? வெறும் பனியன் அனுப்புங்க. எனக்கும் வேல மிச்சம், அந்த டேபிளுக்கும் வேல மிச்சம்." குழாயை மூடினாள். கையெல்லாம் நீலம். "வேண்டாம்னு அனுப்பிருங்க என்னய. ஆனா நான் இங்க நிக்கற வரைக்கும் ரோக்கோன்னா ரோக்கோதானுங்க. இந்த ஆர்டருக்கு உண்டு அந்த ஆர்டருக்கு இல்லைன்னு அதைக் கழட்டிக் கழட்டி மாட்ட முடியாது."

தங்கதுரை பதில் சொல்வதற்குள் தேஜஸ்ரீ ஓடிவந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"சித்தப்பா, புது ஸ்க்ரீன் போட்டுக் காயறதுக்கு எப்படியும் சாயங்காலம் ஆயிரும். அப்ப அங்க காலைல. கடைக்காரரோட செல் நம்பர் இருக்குது. லீவானாலும் எடுப்பாரு. நான் கேக்கறேன். சிரிச்சா என்னயப் பாத்துச் சிரிக்கட்டும்."

தங்கதுரை நீல நீர் ஓடிய சாக்கடையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவர் அறையில் மூன்று பேரும் போனைச் சுற்றி நின்றார்கள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கடைக்காரரின் குரல் பெரிதாகவும் தூக்கக் கலக்கமாகவும் இருந்தது. தேஜஸ்ரீ கேட்டாள். எண் ஏறினால் குண்டு கனமா, லேசா? அந்த ஆள் சிரிக்கவில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்றார். எங்கள் ஊரில் நூலுக்கு எண் ஏறினால் மெலிவு, அதனால் மாற்றி அச்சடிக்க இருந்தோம் என்று தேஜஸ்ரீ உள்ளதைச் சொன்னாள்.  தூக்கக் கலக்கம் போய் அவர் வேகமாகப் பேசினார். எண் ஏறினால் கனம். கரடிக்கு இருநூறுதான், இருநூறே அந்தக் குட்டைத் தோட்டாவுக்கு மேல்வரம்பு. அதை மாற்றி அச்சடித்து அனுப்பியிருந்தால், நான் கடையைப் பூட்டிக்கொண்டு வேறு ஊருக்குத்தான் போயிருக்க வேண்டும், ஏனென்றால் இங்கே எல்லோரும் கரடி இருக்கிற காட்டுக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறோம் என்றார். நிறுத்தியது யார் என்று கேட்டார். தேஜஸ்ரீ பெயரைச் சொன்னாள். சுவரில் ஒட்டியிருக்கிற மாதிரியில் இருக்கும் அதே கையெழுத்தா என்றார். நன்றி சொன்னார்.

"நன்றி யாருக்கு வேணும்," என்றாள் ஜுவைரியா தமிழில், போனைப் பார்த்து. "செவுத்துல ஒட்டினதைக் கிழிச்சுப் போடச் சொல்லு கண்ணு."

தேஜஸ்ரீ அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள், கொஞ்சம் மரியாதை சேர்த்து.

தங்கதுரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அணைந்த பிறகு, "மாத்தறதுக்கு முந்தின ஃபிலிமையே போடுங்க," என்றார். அவ்வளவுதான். வாசல்வரை வரவில்லை, கதவைத் திறந்துவிடவும் இல்லை. ஜுவைரியா தானே திறந்துகொண்டு போனாள். சரியென்று ஆன பிறகும் கோபம் போகாது என்பது அவளுக்கே புதிதாக இருந்தது. பஸ்ஸில் நிற்கும்போது, வீட்டில் வெங்காயம் உரிக்கும்போது, எல்லார்கிட்டயும் என்று பிரபுல்லா சொன்னது திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. எல்லாருக்கும் கேட்கத்தானே அந்தச் சொல்லை எடுத்தார். திருப்பிக் கொடுப்பதை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்தால் எப்படி?

அடுத்த நாள் காலை டேபிளில் சரியான ஸ்க்ரீன் ஏறியிருந்தது. கண்டெய்னர் அவசரத்தில் தங்கதுரையே இறங்கி வந்து டேபிள் தலைமாட்டில் நின்றார்.

"ஓட்டுங்க."

பிரபுல்லா மையை ஊற்றினார். ரப்பர் கட்டையைக் கையில் எடுத்தார். ஆனால் இழுக்கவில்லை. ஜுவைரியாவைப் பார்த்தார். இரண்டாம் டேபிள்காரரும் அவளைப் பார்த்தார். அவள் குனிந்து, ஸ்க்ரீனை முதல் வரியிலிருந்து பார்த்தாள். ஒவ்வொரு மிருகத்தையும், அதற்கு எதிரே ஒவ்வொரு எண்ணையும், ஒவ்வொரு g-யையும் r-ஐயும். அவசரப்படவில்லை. தங்கதுரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் மறுபடியும் முதல் வரிக்குப் போனாள்.

பிறகு தலையை அசைத்தாள். டேபிள் ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பனியன்களின் முதுகில் கரடியும் மானும் இறங்கிக்கொண்டே போயின. ஏழாவது பலகை தாண்டியபோது அவள் சொன்னாள்.

"ரோக்கோ."

கரடியின் காதுக்குப் பக்கத்தில், ஊசிமுனை அளவில் ஒரு மைப்பொட்டு. ஸ்க்ரீன் பூச்சில் ஓட்டை. பிரபுல்லாவின் கை நடுவில் நின்றது. நின்றதே தவிர, அவர் கண் தங்கதுரையின் பக்கம் போயிற்று. கூடம் முழுவதும் தங்கதுரையைத்தான் பார்த்தது.

தங்கதுரையின் முகம் சிவந்தது.

"என்னய எதுக்குப் பாக்கறே?" என்று பிரபுல்லாவிடம் கத்தினார். "அக்கா சொன்னாங்கல்ல? எப்பச் சொன்னாலும் நிறுத்தோணும். எந்த ஆர்டரா இருந்தாலும் சரி. எல்லாத்துக்கும் கேட்டுதா?"

கேட்டது. தையல் பிரிவுவரைக்கும் கேட்டிருக்கும்.

ஓட்டையை அடைத்தார்கள். அவள் பார்த்துத் தலையசைத்த பிறகு டேபிள் மறுபடி ஓடியது. தங்கதுரை மாதிரித் துணியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தார். குரல் பழைய குரலாகிவிட்டிருந்தது.

"இப்பக் கையெழுத்துப் போட்டுரலாமுங்களா அம்மிணி?"

"காயட்டுமுங்க. துவைச்சுப் பாத்துட்டுத்தான்."

"சித்தெ நேரம் ஆகுமுங்களா?"

"ஆகுமுங்க."

அவர் உட்கார நாற்காலி தேடிச் சுற்றும்முற்றும் பார்த்தார். அது அவள் மேசைக்குப் பின்னால் இருந்தது. அவள் எடுத்துப் போடவில்லை.